கம்போடியக் கிழவியும் எள்ளுச் சோறும்

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கென்று நடத்துகிற கூட்டங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. போய்ப் போய்த்தான் அந்த அபிப்பிராயம் வந்தது. வாசலில் ஒரு பை தருவார்கள். பைக்குள் ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு தண்ணீர்ப் போத்தல். பத்து மணிக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும். பிறகு வளவாளர் என்று ஒருவர் எழும்பி, கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடச் சொல்லுவார். இத்தனை வருடமும் மூச்சு விட்டுக்கொண்டுதானே இருக்கிறோம், அதையும் இவர் வந்து சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்தபடி நானும் இழுத்து விடுவேன். ஒருமுறை கொப்பியில் மரம் ஒன்று கீறச் சொன்னார்கள். வேரில் துக்கத்தையும் கிளையில் நம்பிக்கையையும் எழுத வேண்டுமாம். என் மச்சாள் ஒரு தென்னை மரத்தைக் கீறிவிட்டு, "இதில கிளை இல்லையே, நான் எங்க எழுதுற?" என்று கேட்டாள். வளவாளர் சிரிக்கவில்லை. அவர்களுக்கு எங்கள் கண்ணீர் பிடிக்கும், பகிடி பிடிக்காது.

மச்சாள் என் புருஷனின் தங்கச்சி. அவளுக்குக் காணாமல் போனது புருஷன், எனக்கு மகன். அவளுடைய புருஷனைக் கொண்டுபோனது ஆமி. அதைச் சொல்ல அவளுக்கு ஒரு தடையும் இல்லை, எல்லாக் கூட்டத்திலும் எழும்பிச் சொல்லுவாள். என் மகனைக் கொண்டுபோனது எங்கள் பொடியன்கள். இயக்கம் இரண்டாகப் பிரிந்து ஒரு பக்கம் மறுபக்கத்தைத் தேடித் திரிந்த காலம் அது. அதைக் கூட்டத்தில் சொல்லக் கூடாது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் யாராவது அந்தக் கதையைத் தொட்டால் மண்டபம் முழுக்க இருமத் தொடங்கிவிடும்.

வந்த மூன்று பேரில் முன்னுக்கு நின்றவன் எங்கள் ஊரான்தான். மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஒரு விசாரணை மாமி, விடிய விட்டுருவம்" என்றான் அவன். கை கழுவ விட்டான். அவன் காட்டிய மரியாதை அவ்வளவுதான்.

அவன் இப்போது எங்கள் கோயில் வண்ணக்கர். கோயில் காரியம் முழுக்க அவன் கையில். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, பேச்சில் நெய் வடியும். ஆடி அமாவாசைக்கும் புரட்டாசி மாளயத்துக்கும் முன்னால் தவறாமல் என் வீட்டுப் படலையைத் திறந்து வருவான். "மாமி, அவன் இரிக்கான். எனக்குத் தகவல் இரிக்கி. எள்ளும் தண்ணியும் இறைச்சிராதீங்க, உசிரோட இரிக்கிறவனுக்கு இறைச்சாப் பாவம்" என்பான். ஒரு வருடம் மகன் அரபு நாட்டுச் சிறையில் இருந்தான். ஒரு வருடம் மலைப்பக்கத்து முகாமில். ஒரு வருடம் இந்தியாவில், தாடி வளர்த்துக்கொண்டு. நான் அவனை மனிதனாக மதித்ததில்லை. ஆனாலும் அவன் கொண்டுவந்த கதையை வைத்துக்கொண்டேன். மகனுக்குத் திவசம் இல்லை, எள்ளுத் தண்ணீர் இல்லை, படையல் இல்லை. செய்தால் அவன் செத்துவிட்டான் என்று நானே சொன்னது ஆகிவிடும். செய்யாவிட்டால், அவன் செத்திருந்தால், அவனுக்கு யார் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் காலம் போனது.

போன புரட்டாசியில் பட்டணத்தில், வாவிக்கரை மண்டபம் ஒன்றில் இரண்டு நாள் கூட்டம் வைத்தார்கள். நானும் மச்சாளும் வாவியின் மறுகரையில் கிடக்கிற படுவான்கரையிலிருந்து துறை கடந்து பஸ் பிடித்துப் போனோம். கம்போடியா என்ற நாட்டிலிருந்து ஒரு தாய் வருகிறார், அவருடைய அனுபவத்தைக் கேட்டு நாங்கள் பயன்பெற வேண்டும் என்று இணைப்பாளர் மேடம் சொன்னார். ஏதோ கேக் அடிக்கப் பழக்குகிற வகுப்பு மாதிரித்தான் சொன்னார்.

வந்தவளை நான் கிழவி என்றே எழுதுகிறேன். நானும் கிழவிதான், அவள் கோபப்பட மாட்டாள். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தாள். வெள்ளைச் சட்டை, இடுப்பில் எங்கள் சாரம் மாதிரி ஒரு கறுப்புத் துணி, தோளில் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துண்டு. வாய் வெற்றிலையால் சிவந்திருந்தது. குளிரூட்டியைப் பார்த்தாள், பூச்சாடியைப் பார்த்தாள், கடைசியாக எங்களைப் பார்த்தாள். துப்ப இடம் தேடுகிறாள் என்று எங்கள் இருவருக்கும் உடனே விளங்கிவிட்டது. மச்சாள் தன் போத்தல் தண்ணீரைப் பூச்சாடிக்குள் ஊற்றிவிட்டு வெறும் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றைய கூட்டத்தில் நடந்த முதலாவது உருப்படியான காரியம் அது.

மேடம் திரையில் படம் காட்டினார். கண்ணாடிக் கூண்டுக்குள் அடுக்கடுக்காக மண்டையோடுகள். அந்த நாட்டில் நாலு பேரில் ஒருவர் போலச் செத்தார்களாம், பட்டினியாலும் நோயாலும் அடியாலும். நாங்கள் எழும்பி நின்று மௌனமாக இருக்க வேண்டும் என்றார். நின்றோம். கிழவி மட்டும் எழும்பவில்லை. அவள் என்னவோ சொன்னாள். மேடத்தின் அலுவலகத்துப் பிள்ளை ஒருத்தி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்: "அதுகளை இன்னும் எரிக்கல்லையாம். எரிக்காம வச்சு, பார்க்கிறதுக்கு டிக்கட் விக்கிறாங்களாம்." மேடம் அவசரமாக அடுத்த படத்துக்குப் போனார்.

கிழவியின் பேச்சு எங்களிடம் வர இரண்டு வாய் கடக்க வேண்டும். அவள் கெமர் மொழியில் சொல்ல, கூட வந்த மனிதர் இங்கிலீசில் சொல்ல, அலுவலகத்துப் பிள்ளை தமிழாக்குவாள். கிழவி நீளமாக, தரையைக் காட்டி, வயிற்றைக் காட்டி, யாரையோ இழுத்துக்கொண்டு போவது போலக் கையை இழுத்துச் சொல்லுவாள். அது எங்களிடம் வந்து சேரும்போது "மிகவும் துன்பப்பட்டார்களாம்" என்று இருக்கும். இதைக் கிழவி கண்டுபிடித்துவிட்டாள். பிறகு துண்டு துண்டாக வெட்டிச் சொல்லத் தொடங்கினாள். ஒரு துண்டைச் சொல்லி, அந்த மனிதரின் வாயைப் பார்த்து, பிள்ளையின் வாயைப் பார்த்து, காணாது, குறைகிறது என்று பட்டால் அதையே திரும்பவும் சொன்னாள். அந்தக் குளிரிலும் பிள்ளைக்கு வியர்த்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விஷயம் வந்தது.

அவளுடைய நாட்டில் கறுப்புடுப்புப் போட்ட இயக்கக்காரர் வென்று பட்டணத்துக்குள் வந்தபோது சனம் சந்தோஷப்பட்டதாம், சண்டை முடிந்தது என்று. அன்றைக்கே எல்லாரையும் வெளிக்கிடச் சொன்னார்கள். மூன்று நாளில் திரும்பலாம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களையும் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்களாம். கிழவி அப்போது சிறுமி. தகப்பன் பிறந்த கிராமத்துக்கு நடந்து போய்ச் சேர்ந்தார்கள். அங்கே வீட்டில் சமைப்பது குற்றம். சட்டி பானையெல்லாம் பறித்துக்கொண்டு, எல்லாரையும் ஒரே கொட்டிலில் வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். கஞ்சிக்குள் தன் முகம் தெரியும் என்றாள். நெல்லை விதைத்ததும் அவர்கள், வெட்டியதும் அவர்கள். நெல் லொறியில் ஏறிப் போனது. விளைந்த வயலுக்குள் நின்றுகொண்டு பசியால் செத்தார்கள். இதைக் கேட்டதும் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் தலையை நிமிர்த்தினார்கள். வேளாண்மை செய்கிற எங்களுக்கு அது மண்டையோட்டுப் படத்தை விடப் பெரிய பயங்கரம். கதிரில் ஒரு பிடி உருவி மடியில் வைத்ததற்காகத் தாயை அடித்துக் கொன்றார்கள். தம்பிமார் பட்டினியில் போனார்கள். தகப்பன் கோயில் மேளகாரர். பிக்குமாரின் காவியைக் கழற்றி ஏர் பிடிக்க விட்டு, கோயிலைப் பன்றித் தொழுவம் ஆக்கினபோது அவருக்கு மேளமும் இல்லை, வேலையும் இல்லை. ஒருநாள் "அமைப்பு கூப்பிடுது, படிப்பிக்கக் கூட்டிப் போறம்" என்று கொண்டுபோனார்கள்.

"அமைப்பு எண்டா எந்த அமைப்பு?" என்று மச்சாள் கேட்டாள்.

"பேர் இல்லையாம். அமைப்பு எண்டுதான் சொல்லுவாங்களாம். எல்லாருக்கும் விளங்குமாம்" என்றாள் பிள்ளை.

எங்களுக்கும் விளங்கியது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தோளில் கிடக்கிற துண்டு அந்தக் கொலைகாரர் போட்டதுதானே, படத்தில் பார்த்தோமே, ஏன் இன்னும் போடுகிறாய் என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். கிழவிக்கு முகம் சுருங்கியது. அவர்கள் வருவதற்கு முதலே அது எங்கள் துண்டு, பிள்ளைக்கு ஏணை கட்டினதும் அதில், நெல்லு முடிந்து வைத்ததும் அதில், அவங்கள் தொட்டதை எல்லாம் விட்டுக்கொடுத்தால் உடுக்கத் துணியும் மிஞ்சாது என்றாள்.

அப்போதுதான் எங்கள் பக்கத்து ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் எழும்பினார். எந்தக் கூட்டத்திலும் அவர் எழும்புவார். "அம்மையாருக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அங்கோர் என்னும் மாபெரும் ஆலயத்தை எழுப்பியவர்கள் எங்கள் தமிழ் மன்னர்களின் வழித்தோன்றல்கள். அந்தக் கல்லிலே சிவனும் இருக்கிறார், திருமாலும் இருக்கிறார். ஆகவே நீங்கள் எங்கள் இரத்தம்" என்றார். முன்வரிசையில் பிரமுகர்கள் கைதட்டினார்கள். அதில் எங்கள் வண்ணக்கரும் ஒருவன். தாயை அடித்துக் கொன்று தகப்பனைக் கொண்டுபோன கதையைச் சொல்லி வாய் மூடாதவளிடம் கோயில் கட்டின பெருமையில் பங்கு கேட்க இந்த மனிதருக்கு எப்படி நாக்கு வந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. படித்தவர்களுக்கு அது வரும்போலும்.

கிழவி கேட்டுவிட்டுச் சுருக்கமாகப் பதில் சொன்னாள். பிள்ளை மேடத்தைப் பார்த்தாள்.

"சொல்லு புள்ள, எங்களுக்கும் காது இரிக்கி" என்றாள் மச்சாள்.

"அங்கோர் கட்டினது எங்கட ஆக்கள் எண்டு சொல்லுறா. எங்களைக் கொலை செய்ததும் எங்கட ஆக்கள்தானாம். ஐயா இந்த ரெண்டில எதுக்குச் சொந்தம் கொண்டாட வந்த எண்டு கேக்கிறா."

மண்டபம் இருமியது. வண்ணக்கர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தான்.

மறுநாள் ஒரு சடங்கு என்றார்கள். கம்போடியாவிலும் அது பிதிர்களின் காலம், எங்களுக்கும் மாளயம். அங்கே பதினைந்து நாளைக்கு நரகத்தின் கதவைத் திறந்துவிடுவார்களாம். செத்தவர்கள் பசியோடு வருவார்கள். அவர்களுக்கு வாய் ஊசித்துவாரம் அளவுதானாம். வெளிச்சத்துக்குப் பயம். அதனால் விடிவதற்கு முன் இருட்டில் கோயிலைச் சுற்றி எள்ளுச் சோற்று உருண்டை போட வேண்டும். ஏழு கோயிலுக்கு அலைந்து, தன் ஆட்கள் தனக்கு ஒன்றும் போடவில்லை என்று கண்டால் அழுது திட்டிக்கொண்டு போவார்களாம். இதை மேடத்துக்கும் விளக்கமாகச் சொல்லித்தான் இருக்கிறார்கள். மேடம் அதைக் காலை பத்து மணிக்கு வைத்தார். கமெராவுக்கு வெளிச்சம் வேண்டும், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு.

மண்டபத்துச் சமையல்காரர் பசுமதி அரிசியில் சோறு ஆக்கிக் கொண்டுவந்து வைத்தார். உருட்ட உருட்ட உதிர்ந்தது. கிழவி அதைக் கையிலெடுத்து இருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். பக்கத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் எள்ளு.

அந்தக் கிண்ணத்தைக் கண்டதும் எங்கள் பெண்கள் எல்லாரும் பின்வாங்கினார்கள். எங்களில் எள்ளுச் சோறு செத்தவர்களுக்குத்தான். உயிரோடு இருக்கலாம் என்று காத்திருக்கிறவனுக்கு யார் எள்ளைத் தொடுவார்கள். இதை ஒருவரும் மேடத்துக்குச் சொல்லவில்லை, மேடமும் கேட்கவில்லை. சடங்கை ஆரம்பித்து வைக்க வண்ணக்கரைக் கூப்பிட்டார்கள். அவன் கைகூப்பி நின்று பேசினான்.

"தாய்மாரே, இந்த அம்மாட நாட்டு வழக்கத்த நாம மதிக்கிறம். ஆனா நம்மட வழக்கத்தில எள்ளு இறந்தவங்களுக்குத்தான். உங்கட புள்ளைகள், புருஷன்மார் எங்கயோ இரிக்காங்க. நம்பிக்கைய விடப்படாது. மறுகா, பொம்பிளைகள் பிண்டம் வைக்கிற வழக்கமும் நம்மிட்ட இல்ல."

ஒருத்தி விசும்பத் தொடங்கினாள். கமெரா அவளிடம் ஓடியது. விசும்பல் அழுகையானது. என்னைப் போன்றவளுக்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பழக்கம். சும்மா இருந்தேன்.

கிழவி மட்டும் சிரித்தாள். "இந்த நேரத்தில பேய் வராதாம், கமெராக்காரன்தான் வருவானாம்" என்று பிள்ளை மெதுவாகச் சொன்னாள். கிழவி என்னையும் மச்சாளையும் கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டு வாவிப் பக்கத்துப் படிக்கட்டுக்குப் போனாள். அந்த மனிதரும் பிள்ளையும் ரோல்ஸைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தார்கள். மச்சாள் வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். கிழவி எங்கள் வெற்றிலையை முகர்ந்து பார்த்து, காரம் என்பது போல முகத்தைச் சுழித்து, இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஆர் எண்டு கேக்கிறா" என்றாள் பிள்ளை என்னிடம்.

"மகன்."

"ஆர் கொண்டுபோனதாம்?"

நான் வாயால் சொல்லவில்லை. மண்டபத்துக்குள் மேடத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவனை நாடியை நீட்டிக் காட்டினேன். மச்சாள் என் முழங்கையைப் பிடித்தாள். கிழவி ஆச்சரியப்படவில்லை. கொஞ்ச நேரம் மென்றுவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய தகப்பனைப் படிப்பிக்கக் கொண்டுபோனவன் இன்றைக்கும் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறானாம். கறுப்புடுப்பு விழுந்த பிறகு, உன் தகப்பனைத் தாய்லாந்து எல்லையில் கண்டேன், வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மிஞ்சின இவளும் அக்காவும் நம்பி, தகப்பனுக்குச் சோறு போடாமல் பல வருடம் இருந்தார்கள். கோயிலைத் திருத்தி, திரும்பவும் பண்டிகை தொடங்கியபோது அவனும் தட்டோடு வந்தான். எல்லாரும் கோயில் மதிலைச் சுற்றிப் போட்டார்கள். அவனும் போட்டான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு உருண்டையைக் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு பின்பக்கத்தால் இறங்கிப் போவானாம். ஒருநாள் இவள் பின்னால் போனாள். முன்பு சனத்தை வைத்து வெட்டின பழைய வாய்க்கால் கரையில் நின்று அதைப் போட்டான்.

"அவனுக்கு மட்டும்தான் தெரியுமாம், எங்க போடுறதெண்டு" என்றாள் பிள்ளை.

"மறுகா, அதுக்குப் பிறகு, இவ என்ன செய்த?" என்று மச்சாள் கேட்டாள்.

"அடுத்த நாள்ல இருந்து இவவும் அங்கதான் போடுறாவாம். அவனுக்குப் பக்கத்தில நிண்டு. இதுவரைக்கும் ஒரு சொல்லும் கதைச்சதில்லையாம்."

பிள்ளை தானாக இங்கிலீசில் ஏதோ கேட்டாள். அவன்மேல் கோபம் வரவில்லையா என்று கேட்டாளாம். கிழவி போத்தலைத் தூக்கித் துப்பினாள். கோபம் மனிதர்மேல் வருவது என்றாள்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். அதைப் பிள்ளை சொல்ல மாட்டேன் என்று நின்றாள். நான்தான் சொல்லச் சொன்னேன்.

"காத்திருக்கச் சொல்லுறவன் உங்களுக்காகச் சொல்லல்லையாம். நீங்க காத்திருக்கிற வரைக்கும் அவன் ஒரு குத்தமும் செய்யாதவனாம்." பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் முடித்தாள். "உங்கட மகன் பசியோட இரிக்காராம்."

எனக்குக் கிழவிமேல் ஆத்திரம் வந்தது. நேற்று வந்தவள் என் பிள்ளையைச் செத்தவன் ஆக்குகிறாள். எழும்பி வந்துவிட்டேன். துறை கடக்கும்போது மச்சாள், "அவட நாட்டுக் கதைய விடு மச்சாள். நமக்கு நம்மட வழக்கம்" என்றாள். எங்கள் வழக்கம் என்ன என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். கொன்றவனிடம் போய்ச் செத்தானா இருக்கிறானா என்று கேட்பது. அவன் சொன்னதைக் கொண்டு வீட்டுக்கு வருவது.

மாளயம் முடிவதற்குள் ஒரு காலை சிவப்பரிசிச் சோற்றைக் குழைய ஆக்கினேன். எள்ளை வறுக்காமல் போட்டேன். உருட்டி, வாழையிலையில் வைத்து மடித்து, வண்ணக்கர் வீட்டுக்குப் போனேன். அவன் முற்றத்தில் நின்று மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமி, இரிங்கவன். இஞ்ச, மாமிக்குத் தேத்தண்ணி போடு" என்று உள்ளே சொன்னான். அவன் பெண்சாதி வாசலுக்கு வந்தாள்.

"தேத்தண்ணி வேணாம்" என்றேன். இலையை அவன் கையில் வைத்தேன். பிரசாதம் என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கினான். விரித்தான்.

"என்ன மாமி இது?"

"எள்ளுச் சோறு. எங்க வைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது தம்பி. உனக்குத் தெரியும். கொண்டுபோய் வை."

"அந்த வெளிநாட்டுக் கிழவிர கதையைக் கேட்டுட்டு… அவன் இரிக்கான் மாமி. இப்பவும் எனக்கு ஒரு…"

இலையோடு நின்றான். அப்போது அவன் கண் ஒரு தடவை வளவுக்குப் பின்னால், குளத்துக்கு அந்தப் பக்கம், வயல் வட்டையில் நிற்கிற மருதமரத்துக்குப் போனது. போய்த் திரும்பி வந்தது. அவ்வளவுதான். நான் பார்த்தேன். அவன் பெண்சாதியும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"சரி, குடு. நானே வைக்கிறன்" என்று இலையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவன் கை தானாக விட்டுவிட்டது. இத்தனை வருடமாக நான் பயந்தது இந்தக் கைக்கா என்று இருந்தது.

மறுநாள் விடியும் முன் புதிதாகச் சோறு ஆக்கிக்கொண்டு போனேன். விதைப்புக்கு முந்தின காலம், வட்டை வெறுமையாகக் கிடந்தது. மருதமரத்தடியில் ஒன்று வைத்தேன். சரியான இடம் தெரியாதபடியால் சுற்றிலும் வரம்பு வரம்பாக நடந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கிழவி சொல்லியிருந்தாள். நான் சத்தம் போட்டுப் பேசிப் பழகாதவள். முதலில் வாய்க்குள் சொன்னேன். பிறகு கூப்பிட்டேன். அதற்குப் பிறகு நன்றாகவே கூப்பிட்டேன்.

வரம்பு செதுக்க வந்த ஒருவர் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி மங்கல் இருட்டுக்குள் நின்றார்.

"ஆரைக் கூப்பிடுறீங்க அக்கா?"

"மகனை."

"எங்க அவன்?"

"இஞ்சதான்" என்றேன்.

அவர் மரத்தையும் அதனடியில் கிடந்த எள்ளுச் சோற்றையும் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார்.